முப்பத்து மூன்றாவது வரி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். போன் எண்ணை மாற்றிவிட்டாய். புது எண்ணை உன் அண்ணனுக்கு மட்டும் கொடுத்து, எனக்குச் சொல்லக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாய். மனிதர் அதை ஒழுங்காகக் காப்பாற்றுகிறார். முகவரிக்குச் சத்தியம் வாங்க மறந்துவிட்டாய் போல, கேட்டவுடன் எழுதிக் கொடுத்துவிட்டார்.

நலம் விசாரிக்க எழுதவில்லை, வேலை விஷயம். ஆஸ்பத்திரி ஆய்வகத்துக்கு நீ எழுதிக் கொடுத்த நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ரத்தப் பரிசோதனை இயந்திரங்களிலிருந்து முடிவுகளை வாங்கி வார்டுகளுக்கு அனுப்பும் அதே நிரல், அதே சர்வர், காவலுக்கு அதே நான். அது சர்வரில் எதையும் தொடக்கூடிய ரூட் அதிகாரத்தில் ஓடுவது உனக்குத் தெரியும். எவனாவது அதற்குள் புகுந்துவிட்டால் சர்வரில் உள்ள அத்தனை நோயாளிகளின் கோப்புகளும் அவன் கையில். போன மாதம் வேறொரு ஆஸ்பத்திரியில் இதே மாதிரி ஒரு நிரல் வழியாக நுழைந்து மொத்தத்தையும் வழித்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் இரண்டு வருடமாகக் கத்தியது அதற்குப் பிறகுதான் எங்கள் நிர்வாகியின் காதில் ஏறியது.

மே 9, சனிக்கிழமை, காலை ஏழு மணிக்கு உன் நிரலுக்கான கட்டாய அணுகல் விதிகளைத் தடுக்கும் நிலைக்கு மாற்றப் போகிறேன். நிர்வாகிக்கு விளக்கி விளக்கியே எனக்குப் பழகிவிட்டது, உனக்கும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். எந்தக் கோப்பைப் படிக்கலாம், எங்கே எழுதலாம், யாரோடு பேசலாம் என்று நிரலுக்கு ஒரு பட்டியல். அதில் இல்லாததைத் தொட்டால் சர்வரின் இயக்க மையமான கர்னல் கையைத் தட்டிவிடும். ரூட் என்று சொல்லிக்கொண்டு வந்தாலும் நடக்காது. ஆனால் பதினான்கு மாதமாக அந்த விதிகள் வெறுமனே பார்த்துக் குறித்துக்கொள்ளும் நிலையில்தான் இருக்கின்றன. மீறல் நடந்தால் பதிவேட்டில் ஒரு வரி விழும், நிரல் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். வாசலில் காவலாளி நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறான், கதவு மட்டும் திறந்து கிடக்கிறது.

ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு முடிவுகள் பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமானால் விதிகளை நிரந்தரமாக எடுத்துவிடுவார்கள். என்னைப் பொருட்கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள். கிடங்கைப் பற்றிக் கவலையில்லை. கதவு திறந்தே கிடக்குமே, அதுதான் எனக்குத் தாங்காது.

மூன்று பக்கம் இணைத்திருக்கிறேன், நிர்வாகியின் அனுமதியோடு. மொத்தம் நாற்பத்தொரு மீறல்கள். எது நிரலின் உண்மையான வேலை, எது தேவையில்லாதது என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதி அனுப்பு. எழுதியவனுக்குத்தான் அது தெரியும்.

அண்ணி

ஏப்ரல் 8

பூட்டு அண்ணிக்கு,

ஆஸ்பத்திரியில் உங்களை இன்னும் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள்?

கடிதத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ என்று பதறிப் பிரித்தேன். உள்ளே நாற்பத்தொரு வரி மீறல் பட்டியல். நீங்கள் மாறவே இல்லை.

என்னிடம் எதற்குக் கேட்கிறீர்கள்? "இந்த நிரல் ஆவணத்தில் இல்லாத செயல்களைச் செய்கிறது" என்று போன வருடம் அறிக்கையில் எழுதியது நீங்கள்தானே. அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் என் சீட்டைக் கிழித்தார்கள். அதே வீட்டில் ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதினீர்கள். இப்போது எழுதியவனுக்குத்தான் தெரியுமாம்.

இங்கே ஒரு சரக்கு நிறுவனத்தில் லேபிள் அச்சடிக்கும் நிரலைப் பார்த்துக்கொள்கிறேன். அது நின்றால் பெட்டிகள் நிற்கும், அவ்வளவுதான். யாருக்கும் ரத்தம் சம்பந்தமில்லை. நிம்மதியாக இருக்கிறேன்.

உங்கள் சிக்கலுக்கு ரொம்பச் சுலபமான வழி இருக்கிறது, உங்களுக்கே தெரியும். மீறல் பதிவேட்டை விதிகளோடு வரும் கருவிக்குள் தள்ளிவிட்டால் நாற்பத்தொன்றுக்கும் அதுவே அனுமதி விதி எழுதிக் கொடுத்துவிடும். அரை நிமிட வேலை. எல்லாவற்றையும் அனுமதித்துவிட்டு ஏழு மணிக்கு மாற்றுங்கள், ஒன்றும் நிற்காது, நிர்வாகி கைதட்டுவார்.

உங்கள் மூன்று பக்கத்தையும் திருப்பி அனுப்புகிறேன்.

சின்னவன்

ஏப்ரல் 13

தம்பிக்கு,

மூன்று பக்கமும் வந்து சேர்ந்தன. மறுபடியும் அனுப்புகிறேன். நீ எத்தனை தடவை திருப்பினாலும் என்னிடம் உறை இருக்கிறது.

அந்த அரை நிமிட வேலையை நான் செய்யமாட்டேன். நிரல் செய்வதையெல்லாம் சரி என்று எழுதிக் கொடுப்பதற்குப் பெயர் விதியா? நேற்றே ஒருவன் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தால் அவன் செய்வதையும் அந்தக் கருவி அனுமதித்துவிடும். அதைவிட விதியே இல்லாமல் இருப்பது நேர்மை.

இனி என் தப்பைச் சொல்கிறேன். போன வருடம் பிப்ரவரி 1 அன்று தடுக்கும் நிலைக்கு மாற்றினேன், நிரல் விழுந்தது, விதிகளைப் பழையபடி வெறுமனே பார்க்கும் நிலைக்குத் திருப்பும்வரை ஐம்பது நிமிடம் முடிவுகள் வரவில்லை. அதற்கு முன்னால் நான் நிரலைக் கவனித்தது ஒரே ஒரு வாரம். அந்த வாரத்தில் மாதத்தின் முதல் தேதி வரவில்லை. முதல் தேதி காலையில் இயந்திரங்கள் அளவு சரிபார்த்த கோப்பை உன் நிரல் படிக்கும் என்பது எனக்குத் தெரியாது. அதைத்தான் விதி தடுத்திருக்கிறது, பதிவேட்டிலும் அந்த வரிதான் இருந்தது. இது எனக்குப் புரியவே மூன்று மாதம் ஆனது. அதற்குள் நீ போய்விட்டாய். ஆவணத்தில் அதை எழுதாதது உன் குறை. அதற்காக வேலையை விட்டு அனுப்பியிருக்க வேண்டாம். என் அவசரத்துக்கு நீ பலியானாய் என்று நான் நினைக்காத நாளில்லை. உன்னிடம் கேட்காமல் எழுதியது தப்பு. மன்னித்துவிடு.

வீட்டிலும் அதற்கான தண்டனையை அனுபவித்துவிட்டேன். ஆறு மாதம் உன் அண்ணன் என்னிடம் பட்டும் படாமலும்தான் பேசினார். அத்தை வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் உன் நாற்காலியை மேஜையை விட்டு நகர்த்தவும் விடவில்லை.

இன்னொன்று. இந்தத் தடவை பட்டியலில் முப்பத்து மூன்றாவது வரியைப் பார். விதிகளில் சில "தடு, ஆனால் பதியாதே" என்று இருக்கும், பதிவேடு நிரம்பி வழியக்கூடாது என்பதற்காக. ஊழியர்களின் சொந்தக் கோப்புறைகள் பக்கம் நிரல் போனால் பதியாதே என்று ஆரம்பத்திலேயே நான்தான் வைத்திருந்தேன். இந்த வருடம் ஜனவரியில் அந்த வாய்ப்பூட்டையெல்லாம் கழற்றினேன். பிப்ரவரி 7 அன்று இந்த வரி விழுந்தது.

உன் நிரல் உன் பெயரில் இருக்கும் கோப்புறைக்குள் ஒரு கோப்பை எழுதியிருக்கிறது. கோப்பின் பெயர் ஒரு நோயாளி எண். உனக்கு அனுப்பிய நகலில் அதைக் கறுப்பு மையால் மறைத்திருக்கிறேன். எனக்கு அந்த எண் மனப்பாடம், ஏனென்றால் அத்தையை ஆஸ்பத்திரியில் பதிவு செய்து அட்டை வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

கோப்புறையை நான் திறக்கவில்லை. இது என்ன தம்பி?

அண்ணி

ஏப்ரல் 21

அண்ணிக்கு,

நாலு நாளாகக் கடிதம் மேஜைமேல் கிடந்தது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன்.

அம்மா மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்துவிட்டு வருவாளே, ஞாபகம் இருக்கிறதா? "என்னம்மா சொன்னாங்க?" என்று கேட்டால், "எல்லாம் சரியா இருக்காம், உங்கப்பாவுக்கு இருந்த உடம்பு இல்ல எனக்கு, இரும்பு" என்று சொல்லிவிட்டு, காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டுப் பையை அலமாரிக்குள் வைத்துவிடுவாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கால் வீங்கியிருந்தது. சாப்பாட்டைத் தட்டிலேயே தள்ளித் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தாள்.

நிரலில் ஐந்து வரி சேர்த்தேன். அந்த ஒரு எண்ணின் முடிவு வந்தால் ஒரு நகலை என் கோப்புறையில் போடு என்று. முதல் நகலிலேயே தெரிந்துவிட்டது, சிறுநீரகத்தின் வேலை குறைந்துகொண்டே வருகிறது. அடுத்ததில் இன்னும் கொஞ்சம். அவள் இரும்பு என்பாள், நான் தலையாட்டுவேன். யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனிடம் சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பான்.

இனி போன வருடம் பிப்ரவரி 1க்கு வருகிறேன். அன்று காலை அம்மா ரத்தம் கொடுத்திருந்தாள். எட்டு மணிக்கு அவளுடைய முடிவு வரிசையின் முதலில் வந்து நின்றது. நிரல் என் கோப்புறைக்குப் போனது, உங்கள் விதி தடுத்தது. எழுத முடியாவிட்டால் என்ன செய்வது என்று நான் யோசித்தே இருக்கவில்லை. நிரல் விழுந்தது. தானாக எழுந்தது, அதே முடிவை எடுத்தது, மறுபடி விழுந்தது. ஐம்பது நிமிடமும் அதுதான் நடந்தது. பின்னால் இருந்த எல்லோருடைய முடிவுகளும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டன. நீங்கள் பதியாதே என்று வைத்திருந்ததால் அந்த வரி மட்டும் பதிவேட்டில் இல்லை. அளவுக் கோப்பை நிரல் படிக்க முடியாவிட்டால் பழைய அளவை வைத்துக்கொண்டு ஓடும். அதனால் எதுவும் விழுந்ததில்லை.

உங்கள் அவசரத்தால் இல்லை அண்ணி. உங்கள் அறிக்கையில் இருந்தது எழுத்துக்கு எழுத்து உண்மை. அன்றே எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் அம்மாவின் விஷயம் வெளியே வரும், நான் திருட்டுத்தனமாகப் பார்த்ததும் வரும். அநியாயமாக வேலை போனவன் மாதிரி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பெட்டியைக் கட்டினேன். எல்லோரும் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள், உங்களை முறைத்தார்கள். அதையும் பார்த்துக்கொண்டேதான் போனேன்.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். முப்பத்து மூன்றாவது வரியை மட்டும் அனுமதித்துவிடுங்கள். எல்லா விதியும் இருக்கட்டும், இந்த ஒரு ஓட்டை போதும். தடுத்தால் அம்மாவின் அடுத்த முடிவு வரும்போது நிரல் மறுபடி விழும், உங்கள் பத்து நிமிடம் போய்விடும். அனுமதித்தால் உங்களுக்கும் நல்லது. நான் இங்கே வந்த பிறகு அந்தக் கோப்புறையில் நாலு நகல் சேர்ந்திருக்கும். கடைசி நகலைத் திறந்து சிறுநீரகத்துக்கு என்ன எண் போட்டிருக்கிறது என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். எனக்குத் தூக்கமே இல்லை.

சின்னவன்

ஏப்ரல் 25

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்தில் வண்டிக்குள் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் அங்கேயே இருந்தேன். கோபம் ஆறவில்லை.

பதினான்கு மாதம். அந்த ஐம்பது நிமிடத்தில் அவசரப் பிரிவு வாசலில் ஒரு ஆள் என்னிடம் வந்து, "என் பொண்ணுக்கு ரத்தம் ஏத்தணுமா வேணாமான்னு சொல்ல ஒரு காகிதம் வர இவ்வளவு நேரமாம்மா?" என்று கேட்டார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். ஆனாலும் அவர் முகத்தோடுதான் நான் பதினான்கு மாதமும் படுத்து எழுந்தேன். என்னால் என்று நினைத்தேன். உனக்கு உண்மை தெரிந்திருந்தது. ஒரு வரி எழுதிப் போட உனக்கு மனம் வரவில்லை.

அனுமதிக்கமாட்டேன். உன் அம்மா என்பதாலும் மாட்டேன், என் மாமியார் என்பதாலும் மாட்டேன். நான் அந்தச் சர்வரின் காவல், நினைத்தால் யாருடைய முடிவையும் பார்க்கலாம். ஒரே வீட்டில் அவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டு ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. கால் வீங்கியது எனக்கும் தெரிந்தது. கேட்டேன், இரும்பு என்றார்கள், விட்டுவிட்டேன். நான் விட்டது தப்பாக இருக்கலாம். அதற்காகப் பின்வாசல் வழியாகப் போய் எடுப்பேனா? இன்றைக்கு மகனுக்கு ஒரு ஓட்டை, நாளைக்கு இன்னொருவனுக்கு இன்னொன்று. கோப்புறையையும் திறக்கமாட்டேன்.

நீ இரண்டு கடிதம் எழுத வேண்டும். ஒன்று எங்கள் நிர்வாகிக்கு, பிப்ரவரி 1 அன்று நடந்தது என்ன என்று, உன் கையெழுத்தோடு. அது வராமல் நிரலில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற எனக்கு அனுமதி கிடைக்காது, மாற்றாவிட்டால் நீ சொன்ன மாதிரி விழும். இன்னொன்று அத்தைக்கு. அதில் என்ன எழுதுவாயோ, உன் பாடு.

இரண்டும் மே 2க்குள் வர வேண்டும். வராவிட்டாலும் மே 9 மாறாது. விழுந்தால் விழட்டும், நான் கிடங்கில் பெட்டி எண்ணுகிறேன்.

அண்ணி

ஏப்ரல் 30

அண்ணிக்கு,

இரண்டும் போட்டுவிட்டேன். நிர்வாகிக்கு எழுதியதன் நகல் இதில் இருக்கிறது. எதையும் மென்று முழுங்கவில்லை.

மூன்று பக்கத்திலும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இருபத்தாறு வரிகள் தேவை. பதினான்கு தேவையில்லை, தடுங்கள். பத்தொன்பதாவது வரி, பழைய அச்சுப்பொறியைத் தேடுவது, அந்த அச்சுப்பொறியே இப்போது இல்லை. இருபத்தெட்டைக் கட்டாயம் அனுமதியுங்கள். காலாண்டுக்கு ஒருமுறைதான் வரும், பழைய முடிவுகளைக் கட்டிக் காப்பகத்துக்கு அனுப்புவது. அது நின்றால் மூன்று நாளில் சர்வரின் சேமிப்பு வட்டு நிரம்பிவிடும்.

நிரலில் 212இலிருந்து 216வரை ஐந்து வரிகளை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் போட வேண்டியதைப் பின்பக்கம் கையால் எழுதியிருக்கிறேன், பன்னிரண்டு வரி. எந்த முடிவாவது எழுத முடியாமல் போனால் அதைத் தனியே ஒதுக்கிவிட்டு, எச்சரிக்கை அடித்துவிட்டு, அடுத்ததை எடுக்கும். ஒருவருக்காக இன்னொருவர் காத்திருக்க வேண்டியதில்லை. இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். வேறு யாரையாவது ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள், என்னை நம்ப வேண்டாம்.

அம்மாவுக்கு எழுதியதில் என் போன் எண்ணையும் போட்டு, ஒரே ராத்திரியில் சேரும்படி எங்கள் சரக்கு வண்டியிலேயே அனுப்பியிருந்தேன். அம்மா போன் செய்தாள். ஹலோ கூடச் சொல்லவில்லை.

"என் ரத்தத்த என்கிட்ட கேக்காம பாத்தியா?"

"நீ சொல்லமாட்டேம்மா. கேட்டா இரும்புன்னு சொல்வே."

"கேட்டா சொல்லியிருப்பேனாங்கிறது வேற விஷயம். காகிதத்தக் காட்டுன்னு ஒரு தடவை வாயத் தொறந்து கேட்டியா நீ?"

கேட்டதில்லை அண்ணி. யோசித்துப் பார்த்தேன், ஒரு தடவைகூட. என்ன சொன்னார்கள் என்றுதான் கேட்டேன். அவள் சொன்ன பொய் எனக்கும் வசதியாக இருந்தது. இப்போது கேட்கிறேன் என்றேன். "ரெண்டு வருஷம் என் மூஞ்சியப் பாத்துத் தலையாட்டினியேடா" என்றாள். அழுகிறாளா, திட்டுகிறாளா என்று தெரியவில்லை. வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

மே 9 அன்று நீங்கள் தைரியமாக மாற்றுங்கள், நிரல் நிற்காது.

சின்னவன்

மே 10

தம்பிக்கு,

நேற்று ஏழு மணிக்கு மாற்றினேன். நிர்வாகி பின்னால் நின்றார், ஆய்வகப் பொறுப்பாளர் அம்மா கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். கட்டளையை அடித்தேன். ஏழு மணி நாலு நிமிடத்துக்கு முதல் முடிவு குழந்தைகள் வார்டுக்குப் போனது. அதற்கடுத்தது. அதற்கடுத்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பதிவேட்டையே பார்த்தேன்.

உன் பன்னிரண்டு வரியை இரண்டு பேரிடம் காட்டித்தான் போட்டேன். ஒரு இடத்தில் அரைப்புள்ளி விட்டிருந்தாய். கையால் எழுதினால் அப்படித்தான்.

ஒன்பது மணிக்கு அத்தை வந்து ரத்தம் கொடுத்தார்கள். அன்றைக்கு வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அவர்களும் தேதியை மாற்றவில்லை. பத்தரைக்கு அவர்களுடைய நோயாளி எண் வரிசையில் வந்தது. நிர்வாகிக்குத் தெரியும், உன் கடிதத்தைப் படித்தவர்தானே. முடிவு டாக்டருக்குப் போனது, பின்னால் இருந்த முடிவும் போனது, பதிவேட்டில் ஒன்றும் விழவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பொறுப்பாளர் அம்மா கடிகாரத்தைப் பைக்குள் போட்டுவிட்டு, "பூட்டு, போய் ஒரு டீ குடிச்சுட்டு வா" என்றார். பதினொன்றேகாலுக்கு ஒரே ஒரு வரி விழுந்தது, உன் பத்தொன்பது. இல்லாத அச்சுப்பொறியைத் தேடிப் போனது, தடுக்கப்பட்டது, நிரல் சட்டை செய்யாமல் ஓடிக்கொண்டே இருந்தது. இதைத்தான் இரண்டு வருடமாகக் கேட்டேன்.

விதிகள் இனி எடுக்கப்படாது என்று சாயங்காலம் எழுத்தில் கொடுத்தார்கள். உன்னைப் பற்றியும் முடிவெடுத்தார்கள். நீ வேலையிலிருந்து போன காரணத்தைத் திருத்தி, நடந்ததை நடந்தபடி பதிந்துவிட்டார்கள். இந்த ஆஸ்பத்திரியின் எந்த இயந்திரத்தையும் நீ இனி தொட முடியாது. அந்த உத்தரவில் காவல் பொறுப்பாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டது நான். வலித்தது, இருந்தும் போட்டேன். மறுபடி போடச் சொன்னாலும் போடுவேன்.

உன் கோப்புறையை அழிக்க அத்தையின் சம்மதம் தேவைப்பட்டது. கூப்பிட்டு, "உள்ள இருக்கறத ஒரு தடவை பாக்கணுமா அத்தை?" என்று கேட்டேன். "என் உடம்புல இருக்கறது எனக்குத் தெரியாதா? அழி" என்றார்கள். அவர்கள் முன்னாலேயே அழித்தேன், திறக்காமல்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அத்தை தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கைப்பையைத் திறந்தார்கள். நாலாக மடித்த காகிதத்தைப் பிரித்து, கையால் நீவி, உன் அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் வைத்தார்கள். "ரெண்டு பேரும் படிங்க" என்றார்கள். படித்தோம். உன் அண்ணன் எழுந்து கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

உனக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். முடிவில் இருக்கும் எண்ணை எழுதக்கூடாது என்றார்கள், அதை உன்னிடம் அவர்களே சொல்வார்களாம், நேரில், நீ எதிரே உட்கார்ந்து கேட்டால். சரி அத்தை, நன்றாக இல்லை என்று மட்டுமாவது எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார்கள். அப்புறம் தலையாட்டினார்கள்.

தம்பி, நன்றாக இல்லை. உடனே புறப்பட்டு வா.

அண்ணி